பிரிக்கக் கூடாத பொட்டலம்

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூக் கேட்டால், இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கும் வாழ வந்தவர்களுக்கும் இது தெரியும்.

பெண்ணைக் கொடுக்கலாமா, கிணறு தோண்டலாமா, பிள்ளையை வெளியூர் வேலைக்கு அனுப்பலாமா என்று மனசு இரண்டாக நிற்கும்போது, வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் தனித்தனியாக மந்தாரை இலையில் வைத்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். அதைப் பிரித்துப் பார்ப்பதோடு சரி. மற்றதைப் பிரித்தால் அம்மாவைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அதைக் கட்டு அவிழ்க்காமல் கொண்டுபோய் ஓடையில் விட்டுவிடுவோம்.

நான் எட்டாவது வரை படித்தவள். கோயிலைப் பெருக்கி விளக்கேற்றுவது எங்கள் வீட்டு முறை. மாமியார் செய்தார்கள், அவர்களுக்குப் பிறகு நான். பூ எடுக்கவும் பல பேர் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனையோ கல்யாணங்களுக்கு இந்தக் கை பூ எடுத்திருக்கிறது. அந்த நினைப்பில் எனக்கு ஒரு சின்ன கர்வம்கூட இருந்தது. இப்போது இல்லை.

போன மழைக்காலத்தில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்த அன்று கீழ்ப்பாலத்துப் பக்கம் ரோடு அரித்துக்கொண்டு போயிருந்தது. ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நாற்காலியில் அவளை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்பக்கம் என் கூடப்பிறந்த தம்பி. பின்பக்கம் என் வீட்டுக்காரருடைய தம்பி, என் கொழுந்தனார். சேற்றில் வழுக்கி வழுக்கி அந்த இரண்டு பேரும் போட்ட நடையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாலத்தில் இறக்கி வைத்தபோது இரண்டு பேர் தோளிலும் தோல் உரிந்திருந்தது.

வழியில் கோயில் வாசலில் நின்று வேண்டிக்கொண்டேன். தாயும் பிள்ளையுமாகத் திருப்பிக் கொடு, வருகிற திருவிழாவில் ஊர்ப் பானையை நான் ஏற்றுகிறேன், பொங்கி இறங்கியதும் உன் வாசலிலேயே பிள்ளைக்கு முடி எடுக்கிறேன் என்று. அம்மா கொடுத்தாள். பேரன் பிறந்தான்.

ஊர்ப் பானை என்பது என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆடித் திருவிழாவில் எல்லா வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு பிடி சாமை வரும். எல்லாம் ஒரே பானையில் விழும். ஒரு வீட்டுப் பிடி குறைந்தாலும் பானை அடுப்பில் ஏறாது. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள்கூடப் பக்கத்து வீட்டில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அந்தப் பானை பொங்கி இறங்காமல் யாருக்கும் காது குத்துவதும் இல்லை, முடி எடுப்பதும் இல்லை.

மருமகனுக்கு ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. திருவிழாவுக்கு லீவு வாங்கி வந்திருந்தார். முடிந்த மறுநாள் மகளையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய்விடுவதாக ஏற்பாடு. அதனால் இந்த ஆடியில் பானை ஏறுமா ஏறாதா என்பதுதான் என் நெஞ்சில் கிடந்த ஒரே கவலை. காரணம், ஊர் அப்போது இரண்டாகக் கிழிந்து கிடந்தது.

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியிருந்தது. எங்கள் ஊரில் ஒரே கட்சிதான். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. எதுவாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஒரே கொடி, ஒரே தலைவர் படம், ஒரே பாட்டு. ஆனால் ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு ஒன்றுதான். அது எனக்கு வேண்டும் என்று கொழுந்தனார் சொன்னார். எனக்கு என்று தம்பியும் சொன்னான். வருஷக்கணக்காக ஒரே பசை வாளியில் கை விட்டு போஸ்டர் ஒட்டினவர்கள்.

எதிர்க்கட்சிக்காரனோடு சண்டை போட்டால்கூடக் கொஞ்சம் வரம்பு இருக்கும் போலிருக்கிறது. ஒரே கட்சிக்குள் போடுகிற சண்டைக்கு வரம்பே கிடையாது. தம்பி கோஷ்டி பேனர் வைத்தால் கொழுந்தனார் படம் இருக்காது. கொழுந்தனார் கோஷ்டி வைத்தால் தம்பி படத்தின் மேல் பிளேடு போட்டிருக்கும். டிராக்டர் கொழுந்தனாருடையது. தம்பி பக்கத்து ஆட்கள் நிலத்தில் அது இறங்கவில்லை. புளியும் தேனும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பது தம்பி. கொழுந்தனார் பக்கத்துத் தேனை அவன் தொடவில்லை.

எங்கள் ஊரில் செல்போனுக்கு டவர் கிடைப்பது கோயில் பாறை மேல் மட்டும்தான். அதனால் வாட்ஸப்பில் திட்டிக்கொள்ளவும் அங்கேதான் வருவார்கள். ஒரு மூலையில் இந்தக் கோஷ்டி, இன்னொரு மூலையில் அந்தக் கோஷ்டி. பத்தடி தூரத்தில் நிற்கிறவனை முகத்தைப் பார்த்துத் திட்டாமல், போனில் கெட்ட வார்த்தை தட்டி அனுப்பிவிட்டு, அவன் படிக்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். விடிந்ததும் நான் பெருக்கப் போனால் ஹான்ஸ் புகையிலைப் பாக்கெட்டும் பீடித் துண்டும் பிளாஸ்டிக் டம்ளரும் அம்மன் வாசலில் கிடக்கும். ஒருநாள் பலிபீடத்தின் மேல் பிரியாணி எலும்பு. துடைப்பத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எதைப் பெருக்குவது?

ஆண்கள் இப்படியென்றால் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கொழுந்தனார் பெண்சாதியும் தம்பி பெண்சாதியும் ஒன்றாக விறகுக்குப் போய் வந்தவர்கள். குழாயடியில் ஒருநாள் அவர்கள் பேசிக்கொண்டதை என் காதாலேயே கேட்டேன்.

"இன்னாக்கா, கவுன்சிலரம்மா கொடம் ரொம்புனாத்தான் எங்களுக்குத் தண்ணியா?" என்றாள் தம்பி பெண்சாதி.

"புடிம்மா, நல்லா புடி. நாளைக்கு உங்க வூட்டுக்காரரு டெல்லிக்குப் போய்ட்டா இந்தக் கொழாயையும் புடுங்கிக்கினு போய்டுவாரு" என்றாள் கொழுந்தனார் பெண்சாதி.

"உங்க கோழி எங்க வூட்டு வைக்கப்போர்ல முட்ட வுட்டுகீது. வந்து எடுத்துக்கோங்க. எங்க கோஷ்டி முட்டன்னு அப்பறம் பேச்சு வரக்கூடாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முட்டை கடைசிவரை அங்கேயே கிடந்து அழுகிப்போயிற்று. கொழுந்தனார் பிள்ளைக்கு விஷக் காய்ச்சல் வந்து படுத்தபோதுகூடத் தம்பி பெண்சாதி எட்டிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் பேசாத மனுஷன். இரண்டு பக்கத்துக்காரர்களும் வந்து கேட்டால், "நா மாடு மேய்க்கறவன்பா. மாட்டுக்கு கோஷ்டி கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. பிடி சாமை கேட்கப் போனால், தம்பி பக்கத்து வீடுகளில் கதவோரம் நின்றே சொன்னார்கள்: "சீட்டு யாருக்குன்னு முடிவு தெரியட்டும். அவனுங்க சாமையோட எங்க சாமைய கலக்க மாட்டோம்." அம்மனுக்குப் போடுகிற சாமை. அதில் அவன் சாமை, இவன் சாமை.

திருவிழாவுக்கு முதல் நாளுக்கு முதல் நாள், கட்சியின் ஒன்றியச் செயலாளர் காரில் வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். "ஒரே பேரத்தான் நா மேல அனுப்புவேன். அடிச்சிக்காம நீங்களே சொல்லுங்க" என்றார். ஒரே கூச்சல். நாற்காலி பறந்தது. அப்போது தம்பி எழுந்து கையைத் தூக்கினான்.

"நா சொல்றதும் வேணாம், அவரு சொல்றதும் வேணாம். அம்மாகிட்ட பூ கேட்டுடலாம். அம்மா யாரச் சொல்றாளோ அவருக்கு நா வேல செய்றேன்."

கூட்டம் அடங்கியது. எனக்குக் கண் கலங்கியது. நம்ம தம்பி எவ்வளவு பெரிய மனசோடு பேசுகிறான் என்று நினைத்தேன். யார் பூ எடுப்பது என்று பேச்சு வந்ததும் இரண்டு பக்கமும் என்னைத்தான் காட்டினார்கள். ஒருத்தனுக்கு அக்கா, ஒருத்தருக்கு அண்ணி. இதைவிடப் பொதுவான ஆள் யார் என்று கேட்டார்கள். நான் வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கோயிலுக்கு வந்தேன்.

பொட்டலம் கட்டுவது பூசாரி வீட்டம்மா வேலை. அவர்கள் இலையும் பூவுமாக வந்து நின்றார்கள். செயலாளர் கையை நீட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

"பூசாரி வூட்டம்மாதாங்க கட்டணும்" என்றேன்.

"இது கட்சி விஷயம்மா. அவங்க இந்த ஊரு, எதுனா ஒரு பக்கம் சாய்ஞ்சிட்டாங்கன்னு பேச்சு வரும். என் கை ரெண்டு பேருக்கும் பொது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பூசாரி கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டினார். சிவப்பு வந்தால் கொழுந்தனார், வெள்ளை வந்தால் தம்பி என்று அவரே சத்தமாகச் சொன்னார்.

நான் கண்ணை மூடினேன். தாயே, இந்த இரண்டு பேரில் யார் என்று எனக்குக் கவலை இல்லை, ஊர் ஒன்றாகட்டும் என்று வேண்டிக்கொண்டு கையில் பட்டதை எடுத்தேன். சிவப்பு.

பறை அடித்தது. வெடி வெடித்தது. தம்பி நேராகப் போய்க் கொழுந்தனாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர். தம்பி பக்கத்து ஆட்கள் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அம்மா சொல்லிவிட்டாளே. "செரி, சாமைய நாளன்னைக்கு காலைல கோயிலுக்கே கொண்டாந்து போட்டுடறோம்" என்றார்கள். பானை ஏறப்போகிறது என்று நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி மகளிடம் சொன்னேன். மருமகன் அப்போதே முடி எடுக்கிறவருக்குச் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் ஓடைக்குப் போக முடியாமல் மழை. மற்ற பொட்டலத்தை அம்மன் காலடி மாடத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மறுநாள் காலையில் பெருக்கப் போனபோது இலை வாடிச் சுருங்கி, நார் தளர்ந்து, பொட்டலம் தானாக வாய் திறந்து கிடந்தது. உள்ளே சிவப்பு அரளி.

எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்கிறேன். அம்மா அற்புதம் செய்துவிட்டாள், இரண்டு பேரையும் ஒன்றாக்க வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டாள் என்று நினைத்தேன். கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டேன். அப்புறம் பெருக்கிக்கொண்டே வந்தபோது, செயலாளர் முதுகைக் காட்டி நின்ற இடத்தில், எண்ணெய் டின்னுக்குப் பின்னால், ஒரு வெள்ளை அரளி கிடந்தது. செருப்போ ஷூவோ மிதித்து நசுங்கியிருந்தது. கோயிலுக்குள்ளே.

தம்பியைத்தான் நினைத்தேன். பாவம், வெள்ளந்தியாகக் கட்டிப் பிடித்து அழுதானே, அவனை இப்படி ஏமாற்றிவிட்டார்களே என்று அடித்துக்கொண்டு ஓடினேன். அவன் ஜன்னலில் கண்ணாடி மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தான்.

"டேய், உன்ன ஏமாத்திட்டாங்கடா. ரெண்டுலயும் செவப்புதான்டா வெச்சிக்கீறாங்க. இத்த பாரு." முந்தானையில் முடிந்து வந்த பூவை இலையோடு நீட்டினேன்.

அவன் அதைப் பார்க்கவில்லை. கன்னத்து நுரையை வழித்துக் கிண்ணத்தில் உதறினான்.

"தெரியும்க்கா."

"இன்னாது?"

"தெரியும்ன்றேன். சத்தம் போடாத, உள்ள வா."

நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றேன். அவன் குரலைத் தணித்துச் சொன்னான்.

"அவருக்கு சீட்டு. எனக்கு கீழ்ப்பாலத்து ரோடு வேல காண்ட்ராக்டு. செயலாளரு ரெண்டு பேரையும் கூப்ட்டு வெச்சி முன்னயே பேசி முடிச்சிட்டாரு. உன் பொண்ண தூக்கிக்கினு போனமே, அதே ரோடுதான்க்கா. நானே போடப்போறேன் பாரு." எனக்கு ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல அவன் முகம் இருந்தது.

"அப்ப கோயிலு இன்னாத்துக்குடா? உங்களுக்குள்ளயே முடிச்சிக்க வேண்டியதுதான?"

"நீ ஒண்ணு. நா சும்மா வுட்டுக் குடுத்தா வெல போய்ட்டான்னு நம்ம பசங்களே காறித் துப்புவானுங்க. அம்மா சொல்லிட்டான்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

"எடுத்தது என் கைடா."

"உன் கைன்றதாலதான்க்கா அத்தினி பேரும் நம்புனாங்க."

பாராட்டாகத்தான் சொன்னான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே முறத்தில் சாமை புடைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. தம்பி பெண்சாதி முறத்தோடு நிலைப்படியில் வந்து நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிகிறது.

"அப்ப நா இன்னாத்துக்கு அந்த அக்காகிட்ட பேசாம இருந்தேன்?" என்றாள் புருஷனைப் பார்த்து. "அவங்க புள்ள ஜொரத்துல கெடந்தப்ப, போனா கால ஒடிப்பேன்னு சொன்னியே."

"அது அப்ப" என்றான் தம்பி. மறுபடியும் கண்ணாடியைப் பார்த்துக் கத்தியைக் கன்னத்தில் வைத்தான்.

அங்கிருந்து நகர்ந்து வேலியோரம் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய்ச் சாம்பல் போட்டு இந்தக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தேன். பீ மிதித்தால் காலைக் கழுவலாம். இது எங்கே ஒட்டியிருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணை மூடி நான் வேண்டிக்கொண்டிருந்தபோது அந்த மூன்று பேரும் எனக்குப் பின்னால் கைகூப்பி நின்றிருக்கிறார்கள். எது எடுத்தாலும் சிவப்பு என்று தெரிந்து கைகூப்பி நின்றிருக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார்.

"நீ மூடிக்கினு இருந்தா நாளைக்கு பானை ஏறும். பேரனுக்கு முடி எடுத்துடலாம். வெளிய சொன்னா மறுபடி ஒடஞ்சிக்கும். அப்பறம் அம்மாதான் பாத்துக்கணும்" என்றார். பிறகு, "நீ செய்றத செய். நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

மகள் பிள்ளையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையில் சுருட்டை முடி, தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த முடி. அதைத் தடவிப் பார்த்தேன். மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பொய்ச் சாமையில் பொங்குகிற பானையை நான் அம்மனுக்கு எப்படிப் படைப்பேன்? நான் வேண்டியது அந்தச் செயலாளரிடம் இல்லையே.

மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தானையை ஏந்தி, மடிப்பிச்சைக்குக் கிளம்பினேன். அம்மன் பேரைச் சொல்லி மடியேந்தி வந்தவளை வெறும் மடியோடு யாரும் அனுப்ப மாட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சைத்தான் பேசினேன்.

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு பூதான். பேசி வெச்சிக்கினு செஞ்சாங்க. ரெண்டு பேருக்கும் தெரியும். இப்ப ஊர்ப் பானைக்கு ஒரு பிடி போடு தாயி."

முதல் வீடு, தம்பிக்காக உயிரை விடுகிற ஒரு பையனுடையது. "சும்மா சொல்லாதக்கா" என்று எழுந்தான்.

"பூ எடுத்த கையால சொல்றேன். போய் உங்க தலைவனையே கேளு."

அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அந்தாளுக்காக எங்க மாமனார் வூட்டு விசேஷத்துக்கே போவல நானு. இவ ஒரு வாரம் எனக்கு சோறு போடல."

"இன்னைக்கும் போட மாட்டேன், போ" என்று உள்ளேயிருந்து அவன் பெண்சாதி சொன்னாள். சொல்லிக்கொண்டே சாமையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

இன்னொரு வாசலில் ஒரு பெரியம்மா, "நா அப்பவே ரெண்டு பேரையும் நம்பல. ஆனா ரெண்டு பேரு குடுத்த டீயையும் குடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஆம்பளை சண்டைக்கு வந்தான்.

"கட்சி மானத்த சந்தி சந்தியா வித்துக்கினு வர்றியே. எதிர்க்கட்சிக்காரன் காதுல வுழுந்தா இன்னா ஆவும்?"

"நம்ம ஊர்ல எதிர்க்கட்சி எங்க கீது? நீங்களேதான ரெண்டு கட்சியா இருந்தீங்க" என்றேன். அவன் மருமகள் அவனைத் தாண்டி வந்து போட்டுவிட்டுப் போனாள்.

நான் பயந்ததுபோல யாரும் அடித்துக்கொள்ளவில்லை. எதற்காக அடித்துக்கொள்வது? எந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை. கோபத்தைவிட அசிங்கம்தான் எல்லார் முகத்திலும் இருந்தது. ஊருக்கே தலையில் எதையோ கொட்டியது போல.

கடைசியாகப் பக்கத்து வீடு. கொழுந்தனார் வாசலிலேயே நின்றிருந்தார். சேதி அவருக்கு எட்டியிருந்தது.

"அண்ணி, நல்லா கீதா இது? நா செயிச்சா நம்ம வூட்டுக்குத்தான பேரு? கொஞ்சம் அடங்கி இருக்கக் கூடாதா?"

"என் பொண்ண தோள்ல தூக்கிக்கினு போனீங்க. அத்த நா மறக்கல. அதனாலதான் வாசல்ல நின்னு மரியாதையா கேக்கறேன். அவள கூப்பிடுங்க."

அவர் பெண்சாதி சாமையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். போடுவதற்கு முன் என்னை ஒன்று கேட்டாள். "அவங்க வூட்ல போட்டாளாக்கா?"

"மொதல்ல போட்டவங்கள்ல அவளும் ஒருத்தி. புள்ளைக்கு இப்ப எப்படிக் கீதுன்னு கேட்டா."

அவள் கையை விரித்தாள். சாமை மடியில் விழுந்தது. கொழுந்தனார் அந்தப் பக்கம் திரும்பி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கோயில் வாசலில் நானும் மகளும் அடுப்பு மூட்டினோம். பானை ஏறியது. அடுப்புப் பிடித்து எரிகிற நேரத்தில் தம்பியும் கொழுந்தனாரும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கரை வேட்டி. கூட வந்த ஒருவன் தோளில் ஒரு மூட்டை சாமை. இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பானைல போடற மாதிரி ஒரு போட்டோ" என்றான் தம்பி.

நான் பானைக்கு முன்னால் வந்து நின்றேன்.

"பிடி எல்லாம் வந்துடிச்சி. உங்க ரெண்டு வூட்டுப் பிடியும் வந்துடிச்சி. பொம்பளைங்க போட்டுட்டாங்க. மூட்டைய எடுத்துக்கினு போங்க."

"ஒரு பிடி போட்டா இன்னா கொறஞ்சிடும்க்கா?"

"உன் கையால வேணாம்டா."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. பூசாரியைப் பார்த்தான். பூசாரி இந்த முறையும் கற்பூரத் தட்டைத்தான் பார்த்தார். ஆனால் நகரச் சொல்லவில்லை. சுற்றி நின்ற பெண்கள் யாரும் வழி விடவில்லை. அந்த இரண்டு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? சரி என்று பத்தடி தள்ளி நின்று, பின்னால் பானை தெரிகிற மாதிரி, தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாறை மேல் டவர் நன்றாகக் கிடைக்கும். பானை பொங்குவதற்குள் அந்தப் போட்டோ ஊர் முழுக்கப் போய்விட்டது. அம்மன் அருளால் ஒன்றுபட்டோம் என்று அதில் எழுதியிருந்ததாக மருமகன் படித்துக் காட்டினார். போதும் என்று போனை மூடச் சொன்னேன்.

பானை பொங்கி இறங்கியது. பேரனுக்கு முடி எடுத்தோம். தலையில் சந்தனம் பூசியபோது வீறிட்டு அழுதான், அப்புறம் சிரித்தான். வேண்டுதல் முடிந்தது. சாயங்காலம் குழாயடியில் கொழுந்தனார் பெண்சாதியும் தம்பி பெண்சாதியும் ஒரே பக்கம் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். ஒருத்தி குடத்தை இன்னொருத்தி தூக்கி விட்டாள். மறுநாள் மகள் பஸ் ஏறினாள்.

இதோடு என் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அன்றைக்கு அத்தனை அசிங்கப்பட்ட முகங்கள் சில வாரத்தில் தெளிந்துவிட்டன. மாமனார் வீட்டுக்குப் போகாமல் இருந்த அந்தப் பையனே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கொழுந்தனார் படம் ஒட்டுகிறான். கேட்டால், "நம்ம கட்சிய வுட்டுக் குடுக்க முடியுமாக்கா" என்கிறான். தேர்தல் தேதிகூட இன்னும் வரவில்லை. தம்பியும் கொழுந்தனாரும் ஒரே ஜீப்பில் வீடு வீடாகப் போகிறார்கள். என் வீட்டுக்கும் வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். தம்பி சொம்பை வாங்கும்போது என் விரலைத் தொட்டுவிட்டான். அவர்கள் போன பிறகு கையைக் கழுவினேன். கூடப்பிறந்தவன். அவன் தொட்ட கையைக் கழுவ வைத்துவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாள். மகளுக்கு வந்த சம்பந்தத்தை முடிக்கலாமா என்று பூக் கேட்க வேண்டும், நீங்களே எடுங்கள் என்றாள். பூசாரி வீட்டம்மாதான் பொட்டலம் கட்டினார்கள். எடுத்தேன். வெள்ளை. முடிக்கலாம் என்று அர்த்தம். அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மற்றதையும் கையில் எடுத்தேன்.

"இன்னா பண்ற? அம்மாவ சந்தேகப்படறியா?" என்றார் பூசாரி.

"அம்மாவ இல்லீங்க. கட்டற கைய."

எல்லாரும் பார்க்க நாரை அவிழ்த்தேன். சிவப்பு இருந்தது. சரியாகத்தான் கட்டியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நிம்மதி. எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. அம்மன் சன்னதியில் நின்றுகொண்டு இதற்கெல்லாம் நிம்மதிப்பட வேண்டியிருக்கிறதே என்று மறு நிமிஷமே அருவருப்பாகிவிட்டது.